நேரம் இருப்பின்: கும்மி

எங்கள் பள்ளி மைதானத்தில் நடக்கும் இசை நடன விழாவுக்கு வருகிறவர்களுக்குச் சில விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிதண்ணீர் புங்க மரத்தடியில் இருக்கிறது. பெண்கள் கழிப்பறையில் இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஒரு நாடா தொங்கும், அதை ஆணியில் சுற்றிக்கொள்ள வேண்டும். முன்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றனவே என்று உட்காராதீர்கள், எழுப்பிவிடுவார்கள். செருப்பை மேடைக்குப் பின்பக்கம் விட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், திரௌபதி சொல்லித்தான் தெரியும். நாடா கட்டியவளும் அவள்தான், நாயைத் துரத்துகிறவளும் அவள்தான்.

திரௌபதி எங்கள் பள்ளியில் சத்துணவு ஆயா. அவள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை. நான் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த நாளிலிருந்து அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்துவிட்டுத் தன் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டேதான் சாப்பிடுவாள். பார்க்கிற நமக்கு விக்கல் வரும். அவள் புருஷன் இருசப்பன் நிலத்தில் வேர்க்கடலை போடுகிறவர். நிதானத்துக்குக் கை கால் முளைத்த மாதிரி மனுஷன். ஒருமுறை அவரிடம் இதைச் சொல்லி அங்கலாய்த்தேன். "அவளை ஒக்கார வெக்கணும்னா கம்பத்துல கட்டணும் டீச்சர். கட்டினா கம்பத்தைப் பிடுங்கிக்கினு கெளம்பிடுவா" என்றார். அதைச் சொல்வதற்கே அவருக்கு ஒரு பீடி நேரம் ஆனது.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருடம், எண்பத்தொன்பதில், விழா தொடங்கியது. மாவட்டத் தலைநகரம் என்றால் கலை விழா இல்லாமலா என்று பாத்திரக் கடை அப்பாதுரைக்குத் தோன்றியது. அவரே செயலாளர் ஆனார். வெண்கலக் குண்டானைத் தட்டினால் எந்தச் சுருதி என்று சொல்லிவிடுவேன் என்பார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மரியாதைப் பைத்தியம், அவ்வளவுதான். யாருக்கு முதல் மாலை, யாருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி என்பதிலேயே பாதி உயிர் போகும் அவருக்கு. மீதி உயிரை எங்களிடமிருந்து எடுப்பார். என்னைப் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். பொறுப்பு என்பது என் சேலையில் குத்தியிருந்த அட்டை. வேலை திரௌபதியுடையது.

நாற்காலியில் உட்கார்ந்து ஆகா ஓகோ என்கிறவர்களுக்குத் தெரியாது, ஒரு பெண் மேடையில் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பின்னால் எத்தனை பேர் எத்தனை சுற்று சுற்றுகிறார்கள் என்று. ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவுதான் ஒப்பனை அறை. கரும்பலகையில் வாய்ப்பாடு இருக்கும், அதற்குக் கீழே சிறுமிகள் வரிசையாக நின்று கண்ணுக்கு மை இட்டுக்கொள்வார்கள். ஒருத்திக்கு ஜடை கழன்றுவிடும். ஒருத்திக்குச் சலங்கை வார் அறுந்துவிடும். ஒருத்தி பயத்தில் வாந்தி எடுப்பாள், அவள் அம்மா அதைவிடப் பயந்து நம்மைத் திட்டுவாள். இதற்கெல்லாம் நடுவில் ஊக்கு, ஊசிநூல், எலுமிச்சம்பழம், இஸ்திரிப் பெட்டி என்று திரௌபதி பறந்துகொண்டிருப்பாள். இடுப்பில் எல்லா அறைச் சாவியும் தொங்கும். சாவிச் சத்தம் கேட்டால் தானாகவே அழுகை நிற்கும்.

விழாவுக்கு முதல் நாள் அவளுக்கு ஒரு வேலை உண்டு. பந்தல்காரர்கள் மேடைக்குப் பலகை அடித்துவிட்டுப் போன பிறகு, ஜமுக்காளம் விரிப்பதற்கு முன், வெறுங்காலோடு பலகை பலகையாக மிதித்துப் பார்ப்பாள். எங்கேயாவது ஆணி தலை தூக்கியிருந்தால் அவள் காலுக்குத் தெரிந்துவிடும். சுத்தியலால் ஒரு போடு. ஆடுகிற பிள்ளைகளின் காலில் ஒரு கீறல் விழக் கூடாது. அப்படிப் பார்த்தால் வருடா வருடம் அந்த மேடையில் முதலில் ஏறியவள் அவள்தான். ஒரு சாயங்காலம் நான் கணக்குப் பரீட்சைத் தாள்களை எடுக்கப் போனபோது மைதானத்தில் யாருமில்லை. மேடையில் அவள் மட்டும் இருந்தாள். குனிந்து, நிமிர்ந்து, கையைத் தட்டி, ஒரு எட்டு வைத்து, மறுபடி குனிந்து தட்டினாள். என்னைப் பார்த்ததும் சுத்தியலைத் தேட ஆரம்பித்தாள். சுத்தியல் அவள் காலடியிலேயே கிடந்தது.

நான் விடவில்லை. அடி அண்ணாமலையில் மாரியம்மன் திருவிழாவுக்கும் காணும் பொங்கலுக்கும் பெண்கள் கும்மி அடிப்பார்கள் என்றும், மணியம்மாள் பாட்டு எடுத்துக் கொடுக்க, வட்டத்தைத் தொடங்கிவைக்கிற முதல் கை தன்னுடையது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நம்ப பொம்பளைங்களும் ஒருவாட்டி இங்க ஆடினா நல்லா இருக்கும் டீச்சர்" என்றாள். அவள் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் நேராக அப்பாதுரையிடம் போய்ச் சொன்னேன். அவரும் பெருந்தன்மையாக, வரச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார்.

மணியம்மாளும் தங்கம்மாளும் இன்னும் சில பெண்களும் பள்ளி வராந்தாவில் வந்து ஒரு பாட்டுக்கு அடித்துக் காட்டினார்கள். எனக்குக் கால் துறுதுறுத்தது. செயலாளருக்கோ முகம் சுருங்கிக்கொண்டே போனது. பாட்டு முடிந்ததும் திரௌபதியைக் கூப்பிட்டார்.

"சபைக்கு முதுகைக் காட்டக் கூடாதும்மா. தலைமை விருந்தினர் எதிர்ல ஒக்காந்திருப்பாரு. அவருக்கு முதுகைக் காட்டிக் குனிஞ்சா நல்லாவா இருக்கும்?"

கும்மி என்றால் வட்டம். வட்டம் என்றால் பாதிப் பேர் முதுகு சபைப் பக்கம்தான் இருக்கும். அவருக்கு அது புரியவில்லை. அரைவட்டமாக நில்லுங்கள் என்றார். பாவம், முயன்றும் பார்த்தார்கள். அரைவட்டத்தின் கோடிக்கு வந்தவள் மேலே போக இடமில்லாமல் நின்றாள், பின்னால் வந்தவள் அவள்மேல் மோதினாள், தங்கம்மாள் திரும்பி வந்த வழியே ஓடினாள். சிரிப்பு வந்துவிட்டது எல்லோருக்கும். திரௌபதி மட்டும் சிரிக்கவில்லை.

அடியோடு மறுத்தால் மனசு நோகும் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பாதுரை அழைப்பிதழின் கடைசி வரியில் இப்படி அச்சடித்தார்: 'நேரம் இருப்பின்: அடி அண்ணாமலை மகளிர் கும்மி.' உலகத்தில் எந்த விழாவிலாவது கடைசியில் நேரம் இருந்து பார்த்திருக்கிறீர்களா? பாராட்டுரை ஒன்று, அந்தப் பாராட்டுக்கு நன்றி ஒன்று, பொன்னாடை ஒன்று, அதைப் போர்த்தியவருக்கு இன்னொன்று. அதற்குள் கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள், மைக் செட்காரர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவார். கும்மிப் பெண்கள் தலையில் வைத்த பூ வாடி, ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். திரௌபதி அவர்கள் பக்கம் போகாமல் சுற்றுவழியாகப் போய் வேலை செய்வாள். ஒரு வருடம் இல்லை, வருடா வருடம் இதே கதை. ஊரில் அவளைக் கிண்டல் செய்தார்களாம், மேடையைப் பெருக்குகிறவளுக்கு மேடையைக் கொடுத்துவிடுவார்களா என்று. அதை அவள் என்னிடம் சொன்னது பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பவில்லை.

தொண்ணூற்றொன்பதில் மணியம்மாள் அவளிடம் முடிவாகச் சொல்லிவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இந்த வருசம் ஒருவாட்டி வர்றோம், திரௌபதி. இதுலயும் பெஞ்சுல ஒக்கார வெச்சே அனுப்பினா, அப்பறம் எங்களைக் கூப்பிடாத. மாரியாத்தா கும்மிக்கு நீயும் வராத. எங்களைப் பாத்து நாலு பேரைச் சிரிக்க வெச்சவகூட நாங்க கைதட்ட மாட்டோம்."

மணியம்மாள் கோபத்தில் சொல்லவில்லை, அலுப்பில் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. அன்றிலிருந்து திரௌபதி நடந்த நடையைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது. அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போது கரண்டியோடு வாசல் வரை போய்த் திரும்புவாள். கேட்டால், ஒன்றுமில்லை, சும்மா என்பாள்.

அந்த வருடம் நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். விழா தேதியைக் குறிக்கும்போது பௌர்ணமியைத் தவிர்க்க வேண்டும் என்பது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கிரிவலத்துக்கு வருகிற ஜனம் அப்போது ஜாஸ்தியாகிக்கொண்டே இருந்த காலம். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். செயலாளர் தினசரி காலண்டரைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் பெரிதாகப் பௌர்ணமி என்று போட்டிருந்தது. அப்படியானால் சனிக்கிழமை விழா என்றார். கமிட்டி மொத்தமும், நான் உட்பட, தலையாட்டினோம். சனிக்கிழமைத் தாளில் பொடி எழுத்தில் இருந்ததை ஒருவரும் படிக்கவில்லை: பௌர்ணமி திதி சனிக்கிழமை மதியமே பிறந்துவிடுகிறது. மலையைச் சுற்றுகிற கூட்டம் திதியைப் பார்த்து வரும். தாளைப் பார்த்து வருவது நாங்கள் மட்டும்தான். மலையடியில் பிறந்து வளர்ந்தவர்கள் இப்படி ஏமாந்தோம் என்று வெளியூரில் சொன்னால் வாயால் சிரிக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வெளியில் ஒரு இரைச்சல் எழுந்தது. எங்கள் பள்ளி, மலையைச் சுற்றி முடிக்கிறவர்கள் ஊருக்குள் நுழைகிற பக்கத்தில் இருக்கிறது. வெயில் சாய்ந்தபோது சாலை தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. நடன நிகழ்ச்சிக்காகச் சென்னையிலிருந்து வந்த வேன் ஊர் எல்லையில் மாட்டிக்கொண்டது. தலைமை விருந்தினர் காரும் அங்கேதான் எங்கேயோ. அப்பாதுரை டெலிபோன் பூத்துக்கும் மேடைக்குமாக ஓடினார், பட்டு வேட்டி நுனியை மிதித்துக்கொண்டு. வழக்கமாக வரும் கீழ்பென்னாத்தூர், செங்கம் ஜனங்களில் ஒருவரையும் காணோம்.

ஆனால் நாற்காலிகள் நிறைந்துகொண்டே வந்தன. மலையைச் சுற்றிவிட்டுக் கால் வலியோடு வந்தவர்கள், பந்தலையும் நாற்காலியையும் பார்த்ததும் அப்பாடா என்று உள்ளே வந்து சாய்ந்துவிட்டார்கள். என்ன விழா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, எப்போது ஆரம்பிப்பீர்கள், ஆரம்பிப்பீர்களா மாட்டீர்களா? சீட்டியடித்தார்கள், குழந்தைகள் வீறிட்டன, யாரோ நாற்காலியைத் தூக்கித் தரையில் தட்டினார்கள். திரௌபதி குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். ஒவ்வொரு குடத்துக்கும் நடுவில் வாசலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஊரிலிருந்து கும்மிப் பெண்கள் வரவேண்டிய டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

விளக்கு போடுகிற நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். நடந்தே வந்திருந்தார்கள், கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக, மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு. புடவைக் கரையெல்லாம் புழுதி. மணியம்மாள் பெஞ்சைத் தேடி அறைக்குள் போகவில்லை. வாசலிலேயே நின்றாள்.

திரௌபதி குடத்தை இடுப்பில் வைத்தபடியே மேடையருகே போய்ச் செயலாளரிடம் கேட்டாள். இப்போது ஆடட்டுமா என்றாள். குத்துவிளக்கு ஏற்றாமல் எப்படி, ஏற்றவேண்டியவர் வராமல் எப்படி என்றார் அவர். வரும்வரைக்கும் என்றாள். அவர் வேர்த்துப் போயிருந்தார், பாவம். வாயில் வந்த பழைய பதிலையே சொன்னார்: சபைக்கு முதுகு காட்டுவதை ஏற்க முடியாது.

அவள் சத்தமே போடவில்லை. சாலைப் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்தாண்ட பாருங்க சார். இம்மாம் ஜனமும் மலையைச் சுத்துது. ரோட்டோரம் நிக்கறவனுக்குத்தான் அவங்க முதுகு தெரியும். மலைக்கு யாரு முதுகும் தெரியாது. எங்க கும்மியும் அப்படித்தான். உங்க மேடை எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டுப் போய் முன்வரிசை நாற்காலிகளைத் தூக்க ஆரம்பித்தாள். கைப்பிடி வைத்தது, வெள்ளைத் துணி போர்த்தியது, எல்லாவற்றையும்தான். நானும் இரண்டைத் தூக்கினேன். அதைவிட நல்ல காரியம் அந்தக் கமிட்டியில் நான் செய்ததில்லை. மேடைக்கும் ஜனங்களுக்கும் நடுவில் மண்தரை பளிச்சென்று விரிந்தது. தண்ணீர்க் குடத்தை அதன் நடுவில் வைத்தாள். மணியம்மாள் வாசலிலிருந்து நடந்து வந்தாள், வரும்போதே பாட்டையும் எடுத்தாள்.

"ஏரி நெறஞ்சுதடி, எங்க கொல்ல வெளஞ்சுதடி..."

பெண்கள் குடத்தைச் சுற்றி நின்று கை தட்டத் தொடங்கியதுமே சீட்டி நின்றது. திரௌபதி இன்னும் வட்டத்துக்குள் போகவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தாள், அவ்வளவுதான், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: ஆயா எங்கே, ஆயா! சென்னைப் பிள்ளைகள் வேனை விட்டு இறங்கி நடந்தே வந்து சேர்ந்துவிட்டார்களாம். அறை பூட்டியிருக்கிறது, தண்ணீர் வேண்டும், ஒருத்திக்கு மயக்கம், ஒருத்தி அழுகிறாள். திரௌபதியின் கால் அந்தப் பக்கம் திரும்பியது. பத்து வருடப் பழக்கம். மணியம்மாள் பாடிக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

நான் போய் அவள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்தேன். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன். அவள் விழித்தாள். "போடி" என்று ஒரு தள்ளு தள்ளினேன்.

அப்புறம் நடந்ததை நான் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் பார்க்கவில்லை. அறையைத் திறக்கவே எந்தச் சாவி என்று தெரியாமல் திண்டாடினேன். மயங்கியவளுக்குத் தண்ணீர் தெளித்தேன். ஒரு பெண்ணுக்கு இடுப்புப் பட்டை நிற்கவில்லை, ஊக்கு வேண்டும் என்றாள். அலமாரி முழுக்கத் தேடினேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கைத்தட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் சில கைகள். பிறகு கூடிக்கொண்டே போனது. நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. கிரிவலம் வந்த பெண்களும் எழுந்து வட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்று ஒரு சிறுமி ஓடிவந்து சொன்னாள். அந்தச் சத்தத்தில் திரௌபதியின் கை எது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்திலா எரிச்சலிலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பத்து வருடமாக அவள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட சத்தம் இதுதானே என்று தோன்றியபோது இன்னும் கொஞ்சம் வந்தது.

ஒருவழியாக வெளியே வந்தபோது கும்மி முடிந்திருந்தது. மேடையில் அப்பாதுரை மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். அன்றைக்கு மொத்த சபையும் முதுகு காட்டியது அவர் ஒருவருக்குத்தான். தலைமை விருந்தினர் வரவேயில்லை. காரை விட்டு இறங்கியவர், வந்தது வந்தோம் என்று மலையைச் சுற்றப் போய்விட்டாராம்.

மறுநாள் காலையில் நாற்காலிகளை அடுக்கப் போனேன். வெளியே கூட்டம் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது. திரௌபதி மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த மாரியம்மன் கும்மிக்கு முதல் கை நீதான் என்று மணியம்மாள் சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னாள். பிறகு துடைப்பத்தை நிறுத்தாமலே கேட்டாள்.

"பாத்தீங்களா டீச்சர்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இல்ல திரௌபதி. ஊக்கு தேடிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

"பிஸ்கட் டப்பாவுலதான இருக்கும்" என்றாள். அப்புறம்தான் நான் சொன்னது அவளுக்கு உறைத்தது. துடைப்பத்தைக் கீழே போட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மண்ணில் குடம் அழுந்திய தடம் அப்படியே இருந்தது. அதன்மேல் என்னை நிறுத்தினாள்.

"ஆடாம நில்லுங்க" என்றாள்.

பாடத் தொடங்கினாள். குரல் மணியம்மாள் அளவுக்கு இல்லை. குனிந்து தட்டினாள், நிமிர்ந்து தட்டினாள், ஒரு எட்டு வைத்தாள். நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிறகு அவளோடு நானும் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பினேன். என்னை முழுதாக ஒரு சுற்று வந்து முடித்தாள். சுற்று முழுக்க எனக்கு அவள் முகம்தான் தெரிந்தது.